கோபல்லபுரத்து மக்களும் எங்க அவ்வாவும்

மூணு புத்தகமா வர்ற கதைகள்ல நடுப் புத்தகத்துக்கு ஒரு பாவப்பட்ட ராசி. முதல் புத்தகத்தை எல்லாரும் கொண்டாடுவாங்க. மூணாவதை, எப்படித்தான் முடியுதுன்னு தெரிஞ்சுக்கவாவது வாங்குவாங்க. நடுப் புத்தகத்தை யாரும் கண்டுக்க மாட்டாங்க. வீட்டுல நடுப்பிள்ளை மாதிரி. (நான் நடுப்பிள்ளை. அதனால இதுல கொஞ்சம் சொந்தக் கடுப்பும் இருக்கு.)

கி.ராஜநாராயணனோட கோபல்ல வரிசையும் அப்படித்தான். 1976-ல் 'கோபல்ல கிராமம்'. 1990-ல் 'கோபல்லபுரத்து மக்கள்'. அப்புறம் 'அந்தமான் நாயக்கர்'. 1991-ல் சாகித்திய அகாதமி விருது கிடைச்சது நடுவுல இருக்கிற 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு. ஆனாலும் கி.ரா.ன்னு யார் பேச்செடுத்தாலும் முதல் புத்தகத்துலதான் போய் நிப்பாங்க. நானும் அந்தக் கூட்டம்தான். இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டல்ல 'கோபல்ல கிராமம்' மூணு தடவை படிச்சேன். அடுத்ததை நாற்பது பக்கத்துல மூடி வெச்சுட்டேன். கதையே இல்லியேன்னு ஒரு எரிச்சல். அப்புறம் எட்டு வருஷம் அது ராஜபாளையத்துல எங்க வீட்டு மரப்பீரோ மேல, பழைய கேட் கைடுகளோட சேர்ந்து தூசி தின்னுக்கிட்டு கிடந்துச்சு.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் எடுத்து முழுசாப் படிச்சேன். ஏன் படிச்சேன்னு சொல்லணும்னா ஹைதராபாத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.

எங்க வீட்டுல தெலுங்குதான் பேசுவோம். அப்பாவைப் பெத்தவங்களை 'அவ்வா'ன்னுதான் கூப்பிடுவோம். ஆனா எனக்குத் தெலுங்குல ஒரு எழுத்து கூட எழுதப் படிக்கத் தெரியாது. படிச்சது, கணக்குப் போட்டது, கெட்ட வார்த்தை கத்துக்கிட்டது எல்லாம் தமிழ்லதான். வேலை விஷயமா ஹைதராபாத்துல ஆறு மாசம் இருக்க வேண்டி வந்தது. ஆஹா, நம்ம பாஷை பேசுற ஊருன்னு சந்தோஷமாப் போனேன். முதல் நாள் கேன்டீன்ல பக்கத்துல உக்காந்திருந்தவர்கிட்ட ரொம்ப மரியாதையா "கூடு தின்னாரா?"ன்னு கேட்டேன். எங்க வீட்டுல சோத்துக்கு 'கூடு'ன்னுதான் சொல்லுவோம். அந்த மனுஷன் சாப்பிடுறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். அங்கெல்லாம் 'அன்னம்' அல்லது 'போஜனம்'. 'கூடு'ங்கிறது இன்னிக்குக் கொஞ்சம் மட்டமான வார்த்தையா ஆயிடுச்சாம். "எங்க தாத்தாவோட தாத்தா பேசின தெலுங்கை எங்கப்பா புடிச்சே?"ன்னு கேட்டுச் சிரிச்சார். நல்ல மனுஷன்தான், கடைசி வரைக்கும் நண்பரா இருந்தார்.

அது கூடப் பரவாயில்லை. திரும்பிச் சென்னைக்கு வந்தப்புறம் இன்னொரு இடத்துல டீ குடிக்கிற நேரத்துல அரசியல் பேச்சு சூடாப் போச்சு. அப்ப ஒருத்தர் ரொம்பச் சாதாரணமாக் கேட்டார்: "அப்ப நீங்கள்லாம் தமிழரே இல்லைல்ல? வந்தவங்கதானே?" கோபமா எல்லாம் கேக்கலை. பின்கோடு கேக்குற மாதிரி கேட்டார். எனக்குப் பதில் வரலை. எப்ப வந்தோம், ஏன் வந்தோம், எனக்கு என்ன தெரியும்? அவ்வா சொன்ன கதை ஒண்ணுதான் தெரியும்.

அந்தக் கதை இதுதான். வடக்க எங்கயோ நம்மாளுங்க சௌக்கியமா இருந்தாங்க. அங்க ஒரு துலுக்க ராஜா. நம்ம பொண்ணு ஒருத்தி அழகுல அவனுக்கு ஆசை வந்து பொண்ணு கேட்டான். குடுக்க மனசில்லாம ராத்திரியோட ராத்திரியா எல்லாரும் கிளம்பிட்டாங்க. பின்னால குதிரைப்படை வருது. முன்னால வெள்ளம் புரண்டு ஓடுற ஆறு. கும்பிட்டாங்க. கரையில நின்ன மரம் வளைஞ்சு பாலமா நின்னுச்சு. எல்லாரும் ஏறிக் கடந்ததும் மரம் நிமிந்துக்கிச்சு. அவ்வா இந்த இடத்துல கையை வளைச்சுக் காட்டிட்டு, டப்புன்னு நிமித்தும். சின்ன வயசுல அந்தக் கையைப் பார்க்கவே கதை கேப்பேன்.

'கோபல்ல கிராமம்' படிச்சவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். அதுல கோட்டையார் வீட்டுல நூறு வயசைத் தாண்டின மங்கத்தாயாரு அம்மாள் சொல்ற கதையும் இதுதான். அந்தப் பொண்ணு பேரு சென்னாதேவி. ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டு அந்தப் பக்கங்களைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க அவ்வா கதையை இவர் எப்படி எழுதினார்னு. மூணு தடவை படிச்சதுக்குக் காரணமே அதுதான்.

டீக்கடைக் கேள்விக்கப்புறம் நான் செஞ்ச வேலை, இந்தக் கதையைத் துருவ ஆரம்பிச்சது. நம்ம தொழில் புத்தி அது. ஒரு பிழை வந்தா, முதன்முதல்ல எங்க உண்டாச்சுன்னு பின்னாடியே போறது. போனா, எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-ல் ஏழு தொகுதியாப் போட்ட தென்னிந்தியச் சாதிகள் புத்தகத்துல, தொட்டியர்னு சொல்லப்படுற கம்பளத்து நாயக்கர்கள் பகுதியில, அதே கதை. பொண்ணு கேட்ட முஸ்லிம் ஆட்சியாளர், ஓட்டம், ஆறு. மரம் மட்டும் புங்கமரம், ரெண்டு கரையிலேர்ந்தும் வளைஞ்சு குடுத்திருக்கு. கி.ரா. எழுதுற கம்மவார் வேற, கம்பளத்தார் வேற. கதை மட்டும் ஒண்ணு. இன்னும் தேடினா, தெலுங்குக்குச் சம்பந்தமே இல்லாத, பச்சைத் தமிழ்க் குடிகள் பலருக்கும் இதே அச்சு. ராஜா பொண்ணு கேட்டான், நாங்க ஊரை விட்டு வந்தோம். அங்க கேட்டவன் முஸ்லிம் இல்லை, ஏதோ ஒரு தமிழ் ராஜா. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, இது எங்க குடும்பத்துல நடந்த சம்பவம் இல்லை. தென்னாட்டுல இடம் மாறின பாதிப் பேர் கையில வெச்சிருந்த ஒரு பொதுக்கதை. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு.

சரி, கதையை விட்டுட்டுச் சரித்திரம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா, அது வேற மாதிரி போகுது. 1370-களில் விஜயநகர இளவரசர் குமாரகம்பணர் மதுரை சுல்தான்களை வென்றார். கூட வந்த அவருடைய மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை 'மதுரா விஜயம்'னு சமஸ்கிருதத்துல காவியமாவே எழுதி வெச்சார். அப்புறம் 1529 வாக்கில் விஸ்வநாத நாயக்கர். மதுரை நாயக்கர் ஆட்சி, எழுபத்திரண்டு பாளையம். இந்த ரெண்டு நூற்றாண்டுலதான் தெலுங்கு பேசுற ஜனங்கள் பெருசாத் தெக்க வந்தது. படை வீரனா, படைக்குப் பின்னால ஏர் கட்டினவனா, வண்டி ஓட்டினவனா, வியாபாரியா, தோல் வேலை செய்றவனா.

அதாவது, துரத்தப்பட்டு வந்தவங்க சிலர் இருந்திருக்கலாம். ஆனா பலர் ஜெயிச்ச படையோட, இல்லைன்னா அதோட நிழல்ல வந்தவங்க. "ஓடி வந்தோம்"னு பேரப்பிள்ளைகிட்டச் சொல்றது சுலபம். "கத்தியோட வந்தோம், இல்ல கத்தி வெச்சிருந்தவன் பின்னால வந்தோம்"னு யாரு சொல்லுவா? எங்க அவ்வா சொல்லாது. நானும் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆறு, மரம் எல்லாம் அந்த இடத்துலதான் உதவிக்கு வருதோ என்னமோ.

வந்தவங்க எங்க உக்காந்தாங்கங்கிறதுதான் எனக்குச் சுவாரசியமா இருந்துச்சு. டேவிட் லட்டன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் திருநெல்வேலி விவசாய வரலாறு பத்தி 1985-ல் ஒரு புத்தகம் போட்டார். அதுல இந்த விஷயம் நல்லா விளங்கும். தாமிரபரணித் தண்ணி பாயுற நஞ்சை நிலம் ஏற்கனவே பிராமணர், வேளாளர் கையில. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரமா, குளத்துப் பாசனம் உள்ள இடங்கள்ல மறவர் பாளையங்கள்: சேத்தூர், சிவகிரி, ஊத்துமலை. மிச்சம் இருந்தது கிழக்கே, யாரும் பெருசா ஆசைப்படாத கரிசல். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சின்னு தெலுங்குப் பாளையங்கள் இருந்த பக்கம். மண்ணோட நிறத்தை ஒரு படமாப் போட்டு, பேச்சு மொழியை இன்னொரு படமாப் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா முக்கால்வாசி பொருந்தும்.

பஸ்ல போனாலே தெரியும். ராஜபாளையத்துலேர்ந்து கிளம்பும்போது மேக்க மலை, தென்னந்தோப்பு, மாந்தோப்பு. சங்கரன்கோவில் தாண்டிக் கழுகுமலைப் பக்கம் திரும்பினதும் மரம் குறையும், மண்ணு கறுக்கும், வானம் பெருசாயிடும். கோவில்பட்டி போய், திருநெல்வேலி ரோட்டுல கொஞ்சம் தெக்க இறங்கினா இடைசெவல். கி.ரா. 1923-ல் பிறந்த ஊர். கு.அழகிரிசாமியும் அதே ஊர்தான். 'அன்பளிப்பு' தொகுப்புக்காக 1970-ல் அவருக்கும் சாகித்திய அகாதமி. பஸ் நின்னதும் கிளம்பிடுற அளவு சின்ன ஊருக்கு ரெண்டு அகாதமி! இன்னும் கொஞ்சம் தெக்க போனா, 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கயத்தாறு.

கரிசலைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். கோடையில அது கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். மழையில களி மாதிரி காலைப் பிடிச்சுக்கும், செருப்பை விட்டுட்டுத்தான் வரணும். ஆனா ஒரு தடவை குடிச்ச தண்ணியை மாசக்கணக்குல வெச்சுக்கும். ஐப்பசி மழைக்கு விதைச்சா, மழை நின்ன பிறகும் அந்த ஈரத்துலயே பருத்தி வளர்ந்து, மாசி பங்குனியில வெடிக்கும். ஆந்திராவுலயும் இதே கறுப்பு மண்ணு நிறைய உண்டு. அங்க அதுல வேலை பார்த்தவனுக்கு இதோட சூட்சுமம் தெரிஞ்சிருக்கும்.

இப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர்றேன். ராஜபாளையத்துலேர்ந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். எங்க வீட்டுல எது நடந்தாலும் முதல்ல ஆண்டாள் கோவில், அப்புறம் பால்கோவா. இந்தப் பொங்கலுக்கும் அவ்வாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். 192 அடி ராஜகோபுரத்துக்கு எதிர்ல, நிழல் பார்த்து உக்காத்தி வெச்சேன். அப்பத்தான் இன்னொரு விஷயம் மண்டையில உறைச்சுது.

கிருஷ்ணதேவராயர், 1509-லேர்ந்து 1529 வரைக்கும் ஆண்டவர், தெலுங்குல ஒரு பெருங்காவியம் எழுதினார். 'ஆமுக்தமால்யதா'. சூடிக்கொடுத்தவள்னு அர்த்தம். யாரைப் பத்தி? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பத்தி. கலிங்கப் படையெடுப்புக்குப் போற வழியில, கிருஷ்ணா நதிக்கரைப் பக்கம் ஸ்ரீகாகுளம்ங்கிற ஊர்ல ஆந்திர விஷ்ணு கனவுல வந்து, ஆண்டாளோட நடந்த என் கல்யாணத்தைத் தெலுங்குல எழுதுன்னு கேட்டாராம். ராஜா உக்காந்து, பெரியாழ்வாரையும் வில்லிபுத்தூர்த் தோப்பையும் தெருவையும் வீட்டுப் பெண்களையும் தெலுங்குல வர்ணிச்சு வெச்சிட்டார். தெலுங்கு இலக்கியத்துல அது உச்சங்கள்ல ஒண்ணு. ஹைதராபாத்துல கூடு விஷயத்துல சிரிச்ச நண்பருக்கே அது பள்ளிக்கூடத்துல பாடம். நான் பக்கத்து ஊருக்காரன்னு சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம், அந்த ஊரு நிஜமாவே இருக்கான்னு.

யோசிச்சுப் பாருங்க. தெலுங்கு ராஜா ஒரு தமிழ்ப் பொண்ணைப் பத்தித் தெலுங்குல எழுதினார். நானூத்தி எழுபது சொச்சம் வருஷம் கழிச்சு, இங்கேர்ந்து ரெண்டு மணி நேரத்துல இருக்கிற ஊர்ல பிறந்த ஒரு சம்சாரி, தெலுங்கு பேசுற ஜனங்களைப் பத்தித் தமிழ்ல எழுதினார். ராஜா எழுதினது கனவுல வந்த ஊரை. சம்சாரி எழுதினது வாசல்ல இருந்த ஊரை. நடுவுல ஓடின அந்த நானூத்தி எழுபது வருஷம் பூரா எங்க ஜனங்க இந்த மண்ணுலயே இருந்திருக்காங்க. அதைத்தான் நான் இத்தனை நாள் கணக்குலயே எடுத்துக்கலை. எல்லாரும் கேக்குறது "எப்ப வந்தீங்க?" நானும் தேடினது வந்த கதையை. வந்தது ஒரு நாளோ ஒரு மாசமோ. இருந்தது நானூறு வருஷத்துக்கு மேல!

அன்னிக்கு ராத்திரியே பீரோ மேலேர்ந்து நடுப் புத்தகத்தை எடுத்தேன்.

'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. வந்த கதையெல்லாம் முதல் புத்தகத்தோட முடிஞ்சு போச்சு. காட்டை எரிச்சு நிலம் ஆக்கியாச்சு, கும்பினிக்காரன் வந்தாச்சு. இதுல ஜனங்க சும்மா இருக்காங்க. அதான் நாவல். என்ன சாப்பிட்டாங்க, எதுக்குச் சண்டை போட்டாங்க, மாட்டுக்கு என்ன பேரு வெச்சாங்க, யாரு யாரைக் கேலி பண்ணினாங்க. முதல் பாதியில கிட்டப்பனுக்கும் அச்சிந்தலுவுக்கும் இடையில ஒரு பிரியம் ஓடுது. காதல்னு பெரிய வார்த்தை போட்டா பயந்து ஓடிடும், அவ்வளவு மெதுவா எழுதியிருக்கார். என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டேன், நீங்களே படிச்சுக்குங்க. பத்தொன்பது வயசுல இதைத்தான் நான் கதையே இல்லைன்னு மூடி வெச்சேன். இருபத்தெட்டு வயசுல ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

ரெண்டாவது பாதியில வெளி உலகம் உள்ள வருது. தேச விடுதலைப் பேச்சு, காங்கிரஸ், கடைசியில சுதந்திரம். உள்ளதைச் சொல்லணும்னா, இந்தப் பகுதி முதல் பாதி அளவுக்கு எனக்கு ஒட்டலை. சில அத்தியாயங்கள் பழைய பேப்பர் கட்டிங் படிக்கிற மாதிரி இருக்கு. கி.ரா. இளமையில கம்யூனிஸ்ட் கட்சியிலயும் விவசாயிகள் சங்கத்துலயும் வேலை பார்த்தவர். அந்த மனுஷர் பேனாவைப் பிடுங்கிக்கிட்ட மாதிரி தோணுச்சு. ஆனா ஊர்க்காரங்க அந்தச் சேதிகளைத் தங்களுக்குள்ள எப்படிப் பேசிக்கிறாங்கங்கிற இடம் வந்ததும் பழைய ருசி திரும்பிடுது.

இன்னொரு குறையும் உண்டு. கோட்டையார் வீட்டுத் திண்ணையில உக்காந்து பார்த்தா என்ன தெரியுமோ அதுதான் அதிகம் தெரியுது. அந்தப் பக்கத்து ஊர்கள்ல அருந்ததியர் வீட்டுலயும் தெலுங்குதான் பேசுறாங்க. கிணத்துக்குத் தோல் பரி தைச்சது அவங்க கைதான். ஆறு கடந்த கதையை அவங்க எப்படிச் சொல்லுவாங்க? அங்கயும் மரம் வளைஞ்சுதா? முதல் புத்தகத்துல காடு எரியும்போது அந்தக் காட்டுல ஏற்கனவே யாரு இருந்தாங்க? இதையெல்லாம் வேற யாராவது எழுதித்தான் நாம படிக்கணும்.

குறைகளோடயே சொல்றேன், மூணுல இந்த நடுப் புத்தகம்தான் சரித்திரம். இதுல உள்ள காலத்தை வெளியில இருக்கிற வருஷங்களோட சேர்த்து வெச்சுப் படிச்சா இன்னும் நல்லாப் புரியும். 1860-களில் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர். அங்கேர்ந்து பருத்தி வராம லங்காஷயர் மில்லெல்லாம் தவிக்க, இந்தியப் பருத்தி விலை ஏறுது, நம்ம கரிசல் உள்பட. 1876-ல் மதுரை – தூத்துக்குடி ரயில் வருது. சாத்தூர், கோவில்பட்டி வழியா, கரிசலைக் குறுக்க வெட்டிக்கிட்டு. அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் ஆரம்பிக்குது. பஞ்சு ஏத்த வந்த ரயில் பஞ்ச காலத்துலதான் பழக ஆரம்பிச்சது. அப்புறம் தூத்துக்குடியிலயும் மதுரையிலயும் ஹார்வி மில்கள். 1910-ல் புதுசா ராமநாதபுரம் ஜில்லா உண்டாக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்களைத் திருநெல்வேலியிலேர்ந்து பிரிச்சுட்டாங்க. கோவில்பட்டிப் பக்கம் திருநெல்வேலியிலயே நின்னுச்சு. ஒரே கரிசல், ரெண்டு ஜில்லா. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பிச்சார்.

அடுத்து ஒரு வேடிக்கை. 1949-லேர்ந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்துக்குத் தலைமை தாங்கினவர் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ்.குமாரசாமி ராஜா. வீட்டுல தெலுங்கு பேசுற தமிழ்நாட்டுக்காரர். அவர் காலத்துலதான் தனி ஆந்திரா கேட்டுப் போராட்டம் வலுத்துக்கிட்டு இருந்துச்சு, சென்னைப் பட்டணம் யாருக்குன்னு சண்டை. 1952 தேர்தல்ல அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல தோத்துப் போனார். அதே வருஷம் டிசம்பர்ல பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில உண்ணாவிரதம் இருந்து செத்துப் போனார், 1953-ல் ஆந்திரா பிரிஞ்சுது. கோடு போட்ட அத்தனை பேரும் பட்டணத்தைப் பத்தித்தான் அடிச்சுக்கிட்டாங்க. கரிசக்காட்டுல 'கூடு' தின்னுக்கிட்டிருந்தவனை யாரும் கேக்கலை. கேட்டிருந்தாலும் அவனுக்கு அன்னிக்குக் களையெடுப்பு இருந்திருக்கும்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு உண்மையான பயம் வந்துச்சு. அவ்வாவுக்கு இப்ப 84 வயசு. ரெண்டு வருஷமா ஞாபகம் போயிட்டிருக்கு. என் தங்கச்சியை அத்தைன்னு நினைச்சுப் பேசும். செல்போன்ல அவ்வா குரலை நிறையப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன்னு நான் பெருமையா இருந்தேன். எடுத்துக் கேட்டுப் பார்த்தா பதினோரு பதிவு இருக்கு, பதினொண்ணுலயும் அதே துலுக்க ராஜா, ஆறு, மரம். நான்தான் ஒவ்வொரு தடவையும் "அவ்வா, அந்தக் கதையைச் சொல்லு"ன்னு கேட்டிருக்கேன். தாத்தா எந்த வருஷம் காட்டை விட்டுட்டு ராஜபாளையத்துக்கு மில் வேலைக்கு வந்தார், ஏன் வந்தார், வித்த நிலம் எத்தனை குறுக்கம், கிணறு எப்ப வத்துச்சு, ஒண்ணுமே கேக்கலை. பொதுக்கதையைப் பதினோரு தடவை சேமிச்சு வெச்சிட்டு, சொந்தக் கதையை ஒரு தடவை கூடச் சேமிக்கலை. அப்பாவைக் கேட்டேன். "நான் பொறக்கிறதுக்கு முன்னாடிப்பா. ஏதோ மழையில்லாத வருஷம்னு சொல்லுவாங்க"ன்னார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

நேரடியாக் கேட்டா அவ்வாகிட்டேர்ந்து ஒண்ணும் வரலை. "தாத்தா எப்ப இங்க வந்தார்?"னு கேட்டா சிரிக்கும், இல்லாட்டி ஆத்துக் கதையை ஆரம்பிச்சிடும். அது மட்டும் ஒரு வார்த்தை மாறாம அப்படியே இருக்கு. மத்ததெல்லாம் உதிர்ந்துக்கிட்டிருக்கு.

ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், முற்றத்துல அவ்வா பக்கத்துல உக்காந்து 'கோபல்லபுரத்து மக்கள்' சத்தமா வாசிச்சேன். அவ்வாவுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டா நல்லாப் புரியும். முதல்ல கவனிக்கவே இல்லை, முந்தானை நுனியைத் திருகிக்கிட்டே இருந்துச்சு. சாப்பாட்டு விஷயம் வந்த இடத்துல திருகுறதை நிறுத்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவன் சொல்றது தப்பு"ன்னுச்சு தெலுங்குல. எவன்? எழுதினவன்! என்ன தப்புன்னு கேட்டேன். கம்மங்கூழை அந்த மாதிரி கரைச்சா நீத்துப் போகுமாம், எங்க ஊர்ல அப்படிக் கரைக்க மாட்டோமாம். ரொம்பக் கண்டிப்பா, சாகித்திய அகாதமிக்கெல்லாம் அசராம சொல்லுச்சு. :-)

நான் மெதுவா செல்போனை எடுத்துப் பதிவை ஆன் பண்ணிட்டு, எப்படிக் கரைக்கணும்னு கேட்டேன்.

அங்கேர்ந்து நாற்பது நிமிஷம் பேசுச்சு. கூழு, கூழுக்குக் கடிச்சுக்க என்ன, விறகு கிடைக்காம பருத்திமாரைப் போட்டு அடுப்பு எரிச்சது, பருத்திமார் எரிஞ்சா கண்ணுல எப்படிப் புகை ஏறும், பருத்தி எடுக்கப் போனப்ப மடியில முடிஞ்ச பருத்தியை வித்துட்டு வளையல் வாங்கினது, அது மாமியாருக்குத் தெரிஞ்சது. நடுவுல ஒரு இடத்துல, நான் கேக்காமலேயே சொல்லுச்சு: "அந்த வருஷம் பருத்தியும் போச்சு, காளையில ஒண்ணும் செத்துப் போச்சு. ஒத்தைக் காளையை வெச்சுக்கிட்டு உங்க தாத்தா என்ன பண்ணுவாரு, அதான் இங்க வந்தோம்." அந்தக் காளை பேரு என்னன்னு கேட்டேன். சொல்லுச்சு.

மறுநாள் பொதிகை எக்ஸ்பிரஸ்ல சென்னைக்குத் திரும்பும்போது ஹெட்போன் மாட்டிக்கிட்டு அந்த நாற்பது நிமிஷத்தைக் கேட்டுக்கிட்டே வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது கோபுரம் இருட்டுல விளக்கு வெளிச்சத்துல தெரிஞ்சுது. பையில 'அந்தமான் நாயக்கர்' இருக்கு. இன்னும் பிரிக்கலை. அடுத்த மாசம் ஊருக்குப் போறப்ப முற்றத்துலயே பிரிச்சுக்கலாம்னு வெச்சிருக்கேன். நடுப் புத்தகத்துல இன்னும் நூறு பக்கம் அவ்வாவுக்கு வாசிச்சுக் காட்ட வேண்டியிருக்கு.